ஜெர்மன் பி1 எழுதப் போகும் நர்ஸுக்கு எந்தப் புத்தகம், எந்த ஆப்?

கேள்வியின் சுருக்கம் இது. பி.எஸ்சி. நர்சிங் முடித்து நெல்லை வண்ணார்பேட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஷிப்ட் வேலை. வீடு அம்பாசமுத்திரம் பக்கம், போக வர பஸ். பத்து மாதத்தில் ஜெர்மன் பி1 தேர்வு (ஏ1, ஏ2 ஆகியவற்றுக்கு அடுத்த மூன்றாம் நிலை; அதற்கு மேலே பி2, சி1) எழுத வேண்டும். போனில் ஐந்து ஆப், டெலிகிராமில் இறக்கிய நாற்பது பி.டி.எஃப்., அரை டஜன் யூடியூப் சேனல் எல்லாம் இருந்தும் இரண்டு மாதமாக 'என் பெயர் இன்னது' என்பதைத் தாண்ட முடியவில்லை. ஒரு பயிற்சி மையம் மூன்றே மாதத்தில் பி1 வாங்கித் தருகிறோம் என்று பெரிய தொகை கேட்கிறது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

உங்களுக்குச் சாதனம் குறைவாக இல்லை, கூடிப்போய்விட்டது. ஒவ்வொரு ஆப்பும் முதல் பாடத்திலிருந்துதான் தொடங்கும். ஐந்தையும் மாற்றி மாற்றித் திறந்தால் வணக்கம், பெயர், ஊர், எண்கள் என்று அதே நுனிப்புல்லை ஐந்து முறை மேய்ந்திருப்பீர்கள். ஒலிப்பதிவோடு கூடிய ஒரு பாடநூல், கேட்டுப் பழக ஓர் இடம், தப்பைத் திருத்த ஓர் ஆள். இந்த மூன்றும், சொற்களை மறக்காமல் இருக்க, முன்பக்கம் கேள்வியும் பின்பக்கம் விடையும் எழுதிய சொல் அட்டைகளும் போதும். மற்றதை இன்றைக்கே போனிலிருந்து எடுத்துவிடுங்கள். பிறகு பார்க்கலாம் என்று வைத்திருந்தால், பாடம் கடினமாகும் நாளில் கை அங்கேதான் போகும்.

முதலில் நேரக் கணக்கு. ஜெர்மன் கற்பித்துத் தேர்வும் நடத்தும் கோத்தே நிறுவனம், பி1 முடிக்க 350 முதல் 650 பாடவேளை ஆகும் என்கிறது. ஒரு பாடவேளை 45 நிமிடம். அப்படியென்றால் குறைந்தபட்சம் 260 மணி நேரத்துக்கு மேல், கூடியது ஏறக்குறைய 490 மணி நேரம். நீங்கள் நாளைக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் 300 நாளில் 450 மணி நேரம், அதாவது 600 பாடவேளை. ஆகவே பத்து மாதம் என்பது நியாயமான இலக்கு. மூன்று மாதம் என்றால், வேகமாகப் பிடித்துக்கொள்பவர்களுக்கான அந்தக் கீழ் எல்லையைத் தொடவே ஒரு நாள் விடாமல் தினமும் மூன்று மணி நேரம் வேண்டும். ஷிப்ட் பார்க்கிற ஒருவரிடம் அதைச் சொல்லிப் பணம் வாங்குவது சரியில்லை. அந்த மையத்துக்குப் பணம் கட்டாதீர்கள்.

இனி பாடநூல். இந்தியாவில் எளிதாகக் கிடைப்பவை 'நெட்ஸ்வெர்க் நொய்', 'மென்ஷென்', 'ஷ்ரிட்டெ இன்டர்நாட்சியோனால் நொய்'. கோயல் பதிப்பகம் இவற்றில் பலவற்றை இந்திய விலையில் அச்சிடுகிறது. மூன்றுமே ஏ1-லிருந்து பி1 வரை படிப்படியாகப் போகின்றன. எது உசத்தி என்று வாரக்கணக்கில் விசாரிக்காதீர்கள். உங்களைத் திருத்தப்போகும் ஆசிரியர் எதை வைத்து நடத்துகிறாரோ அதை வாங்குங்கள். ஆசிரியர் இன்னும் அமையவில்லை என்றால் நெட்ஸ்வெர்க் நொய். காரணம் எளிய கணக்கு. ஒவ்வொரு நிலைக்கும் 12 பாடம், மூன்று நிலைக்கும் 36. வாரம் ஒரு பாடம் என்று வைத்தால் பத்து மாதத்தில் 36 வாரம் புத்தகத்துக்கும், மிச்சமுள்ள ஆறேழு வாரம் தேர்வுப் பயிற்சிக்கும் சரியாக இருக்கும்.

வாங்கும்போது மூன்றைக் கவனியுங்கள். பாடநூல் தனி, பயிற்சிநூல் தனி. பயிற்சிநூலை விட்டுவிட்டு வாங்குகிறவர்கள்தான் பாதியில் திணறுகிறார்கள், ஏனென்றால் கை பழகுவது அதில்தான். அடுத்து, 'நெட்ஸ்வெர்க்' என்ற பழைய பதிப்பும் 'நெட்ஸ்வெர்க் நொய்' என்ற புதிய பதிப்பும் வேறு வேறு. பழைய புத்தகத்துக்குப் புதிய ஒலிப்பதிவு பொருந்தாது. டெலிகிராம் பி.டி.எஃப்.களில் நடப்பது இதுதான்: புத்தகம் ஒரு பதிப்பு, ஆடியோ இன்னொரு பதிப்பு, நடுவே நாலு பக்கம் காணோம். மூன்றாவது, கடையில் நிற்கும்போதே மூன்றாம் பாடத்தைத் திறந்து பாருங்கள். உரையாடல்களின் ஓரத்தில் ஒலிப்பதிவு எண் இருக்கிறதா, அந்த ஒலியை எங்கே எடுப்பது என்று அட்டையிலோ முதல் பக்கங்களிலோ போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அது வெறும் தாள்.

'முப்பது நாளில்' வகைப் புத்தகங்கள் வேண்டாம். அவற்றில் ஜெர்மன் சொல்லைத் தமிழ் எழுத்திலேயே எழுதிப் படிக்கச் சொல்வார்கள். இந்தப் பதிலில் சில சொற்களை நானும் தமிழில்தான் எழுதியிருக்கிறேன். அவற்றை அப்படியே நோட்டில் ஏற்றாதீர்கள். நம் எழுத்தில் 'க' ஒன்றுதான். ஜெர்மனில் தோட்டத்துக்கும் அட்டைகளுக்கும் உள்ள சொற்கள் முதல் ஒலியில் மட்டுமே வேறுபடுகின்றன, ஒன்று அழுத்தாத 'க', மற்றது அழுத்திய 'க'. தமிழில் எழுதினால் இரண்டும் 'கார்ட்டன்'. ப, ட ஆகியவற்றுக்கும் இதே கதை. முதல் மாதத்திலேயே காதால் கேட்டு, ஜெர்மன் எழுத்திலேயே எழுதிப் பழகினால் இந்தக் குழப்பம் தீரும். தமிழ் எழுத்தில் பழகிவிட்டால் பி1 கேட்டல் தாளில் வந்து இடிக்கும். நமக்கு ஒரு வசதியும் உண்டு. குறில், நெடில் வேறுபாடு ஜெர்மனில் பொருளையே மாற்றும். 'ஓஃபன்' அடுப்பு, 'ஒஃபன்' திறந்திருப்பது. எ, ஏ, ஒ, ஓ பிரித்துப் பழகிய நம் காதுக்கு இது சிரமமே இல்லை.

தமிழில் விளக்கம் சொல்லும் யூடியூப் சேனல் தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். இலக்கணத்துக்கு மட்டும் தேவை. ஆங்கிலம் வழியாகப் படித்தால் ஜெர்மன் வேற்றுமைகள் புரியாத புதிராகத் தெரியும். தமிழ் வழியாகப் பார்த்தால் பாதி ஏற்கெனவே தெரிந்தது. 'எனக்குத் தலை வலிக்கிறது' என்பது ஜெர்மனில் 'மியர் டூட் டேர் கொப்ஃப் வே'. அந்த 'மியர்' நம் 'எனக்கு', நான்காம் வேற்றுமை. 'எனக்குக் காய்ச்சல் இருப்பதால்' என்று காரணம் சொல்லும்போது நாம் வினையைக் கடைசியில் வைக்கிறோம். ஜெர்மன்காரரும் 'வைல்' என்று தொடங்கும் வாக்கியத்தில் வினையைக் கடைசிக்குத் தள்ளுவார். இதையெல்லாம் ஒப்பிட்டுக் காட்டுகிற ஆசிரியரோ சேனலோ கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் ஒரு வீடியோவில் பத்து நிமிடம் தமிழ் கேட்டு இரண்டே ஜெர்மன் வாக்கியம் கேட்கிறீர்கள் என்றால், அது தமிழ் கேட்கும் நேரம். வாரத்துக்கு இரண்டு வீடியோ, அந்த வாரப் பாடத்தில் வரும் இலக்கணத்துக்கு மட்டும். பொருட்களுக்கு ஆண்பால், பெண்பால் வைப்பதற்கு மட்டும் தமிழில் துணை கிடையாது. அதை அட்டையில்தான் கட்டிப்போட வேண்டும்.

அட்டைக்கு வருவோம். 'ஆங்கி' என்ற சொல் அட்டை ஆப் கணினியிலும் ஆண்ட்ராய்டு போனிலும் இலவசம், ஐபோனுக்கு மட்டும் பணம். பிறர் செய்த ஐயாயிரம் சொல் கட்டுகளை இறக்காதீர்கள். உங்கள் பாடத்தில் வந்த சொல்லை நீங்களே போட்டால்தான் அந்தச் சொல் வந்த இடமும் நினைவில் நிற்கும். ஒரு அட்டை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு, காயத்துக்குப் போடும் கட்டு. அகராதியில் 'ஃபெர்பன்ட்' என்று இருக்கும். அதை மட்டும் எழுதினால் அட்டை வீண். முன்பக்கம் தமிழில் 'நான் கட்டை மாற்றுகிறேன்'. பின்பக்கம் 'இஹ் வெக்ஸ்லெ டேன் ஃபெர்பன்ட்'. அதன் கீழே சிறிதாக, ஒருமை 'டேர் ஃபெர்பன்ட்', பன்மை 'டி ஃபெர்பெண்டெ'. இந்த ஒரே அட்டையில் பால் வந்துவிட்டது, பன்மை வந்துவிட்டது, 'டேர்' என்பது செயப்படுபொருளாகும்போது 'டேன்' ஆவதும் வந்துவிட்டது. கூடவே டூடன் அகராதித் தளத்தில் உச்சரிப்பைக் கேட்டு, வாய்விட்டுச் சொல்லுங்கள். வினைச்சொல் என்றால் இறந்தகால வடிவத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

எத்தனை? கோத்தே நிறுவனத்தின் பி1 சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,400 சொல். எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு இலவசமாகவே கிடைக்கிறது. 300 நாளுக்கு வகுத்தால் நாளைக்கு எட்டு. ஆங்கியை நிறுவியதும் நாளைக்கு இருபது புதுச்சொல் என்று அதுவாகவே வைத்திருக்கும். அதை எட்டாகக் குறையுங்கள். இருபது வைத்தால் முதல் வாரம் உற்சாகமாக இருக்கும், ஒரு மாதத்தில் திரும்பப் பார்க்க வேண்டிய அட்டை நாளைக்கு நூற்றைம்பதைத் தாண்டும், மூன்று நைட் டியூட்டி முடிந்து திறந்தால் ஐந்நூறு நிற்கும். பலரும் அந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள். எட்டு என்றால் கால் மணி நேர வேலை. நைட் டியூட்டி வாரத்தில் புதுச்சொல்லைச் சுழியமாக்கிவிடுங்கள், பழையதை மட்டும் திரும்பப் பார்த்தால் போதும்.

பஸ் பயணம் அட்டைக்குத்தான், கேட்பதற்கு அல்ல. நம் பஸ்ஸில் பாட்டுச் சத்தமும் ஹாரனும் மீறிப் புதிதாக ஒரு மொழியைக் கேட்டால் காதில் எதுவும் தங்காது. முந்தின நாள் வீட்டில் கேட்டுப் புரிந்துகொண்ட பதிவைத் திரும்பக் கேட்கலாம், அவ்வளவுதான்.

கேட்பதற்கு டாய்ச்ச வெல்லெ என்ற ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனத்தின் 'நீகோஸ் வேக்' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ1, ஏ2, பி1 மூன்று நிலைக்கும் உண்டு, காசு கிடையாது, இரண்டு மூன்று நிமிடக் காட்சிகளாகப் பிரித்திருக்கிறார்கள். பார்க்கும் விதம்தான் முக்கியம். முதல் தடவை எழுத்து இல்லாமல் பாருங்கள், யார் யாரிடம் என்ன கேட்கிறார் என்பது பிடிபட்டால் போதும். இரண்டாம் தடவை ஜெர்மன் எழுத்தோடு. மூன்றாம் தடவை நிறுத்தி நிறுத்தி ஐந்து வரியைக் காதால் கேட்டு எழுதி, மூலத்தோடு ஒப்பிடுங்கள். எங்கே ஓர் ஒலி விழுந்துபோனது என்று அப்போது தெரியும். கடைசியாக, அந்த ஐந்து வரியைக் கூடவே சேர்ந்து சொல்லுங்கள். ஒரு காட்சிக்கு இருபது, இருபத்தைந்து நிமிடம். ஆங்கில எழுத்து ஓடவிட்டுப் பார்த்தால் முழுத் தொடரையும் முடித்த பிறகும் காது அப்படியே இருக்கும், ஏனென்றால் உழைத்தது கண்.

அதே நிறுவனத்தின் மெதுவாக வாசிக்கும் செய்தியை ஆரம்பத்திலேயே கேட்கச் சொல்லி நிறையப் பேர் பரிந்துரைக்கிறார்கள். வேகம் குறைவே தவிர, சொற்கள் பி2, சி1 நிலை. ஏ1-இல் அதைக் கேட்டால் நமக்கு வராது போல என்ற எண்ணம்தான் மிஞ்சும். எந்தப் பதிவுக்கும், எந்தப் பக்கத்துக்கும் ஒரே சோதனை: நூறு சொல்லில் தெரியாதது ஐந்துக்குள் என்றால் உங்களுக்கு ஏற்றது. பத்தைத் தாண்டினால் இரண்டு மாதம் கழித்துத் திரும்புங்கள்.

டுவோலிங்கோ ஆப்பை முதல் ஆறு வாரம் வைத்துக்கொள்ளலாம், தினமும் உட்காரும் பழக்கம் வரும். அதற்குப் பிறகு அதன் பலன் குறைவு. சொற்களைத் தட்டி வரிசைப்படுத்துவது ஒரு வேலை. வெறும் தாளில் 80 சொல்லுக்கு மின்னஞ்சல் எழுதுவது வேறு வேலை, தேர்வில் கேட்பது இரண்டாவதைத்தான். எந்த ஆப்பையும் இப்படி எடைபோடுங்கள்: இருபது நிமிடம் பயன்படுத்திவிட்டுப் போனைக் கவிழ்த்து வையுங்கள். இப்போது கற்றதை வைத்து நாலு வாக்கியம் சொந்தமாகச் சொல்ல முடிகிறதா? இரண்டு மூன்று நாள் பார்த்தும் முடியவில்லையென்றால் அதை நீக்கிவிடுங்கள்.

பாடநூலுக்குத் துணையாக இன்னொன்று வேண்டும் என்றால் ஜெர்மனியின் மக்கள் கல்வி நிலையங்கள் நடத்தும் 'ஃபாவ்ஹாயெஸ் லெர்ன்போர்ட்டால்'. ஏ1 முதல் பி2 வரை இலவசம், விளம்பரத் தொல்லை கிடையாது. ஆனால் பாடநூலுக்குப் போட்டியாக இதை வைக்காதீர்கள். அந்த வாரம் சரியாகப் படியாத ஓர் இலக்கணத்துக்கு மட்டும் போய்ப் பயிற்சி எடுங்கள்.

திருத்தும் ஆள்தான் இருப்பதிலேயே அரிது. இதில்தான் பணத்தைச் செலவழிக்க வேண்டும். 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஒரு ஜெர்மானிய மிஷனரி. அவர் தமிழ் இலக்கணமே எழுதும் அளவுக்குப் போனது தமிழ்ப் புலவரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டதால்தான். எதிரே ஒருவர் உட்கார்ந்து தப்பைப் பிடித்துக் கொடுக்காமல் பேச்சு தேறாது. ஆன்லைன் வகுப்பில் சேரும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு மணி நேர வகுப்பில் இருபத்தைந்து பேர் என்றால், ஆசிரியர் வாயே திறக்காவிட்டாலும் உங்கள் பங்கு இரண்டரை நிமிடம் தேறாது. ஆறிலிருந்து எட்டுப் பேர் உள்ள வகுப்பு நல்லது. அது அமையாவிட்டால், வாரம் இரண்டு முறை அரை மணி நேரம் தனியாக எடுப்பவர் போதும். சேருமுன் நாலு கேள்வி கேளுங்கள்: ஆசிரியர் எந்த நிலை வரை தேர்வு எழுதியிருக்கிறார், எந்தப் பாடநூல், ஏ1-க்கு எத்தனை பாடவேளை, எழுதிக் கொடுப்பதைத் திருத்தித் தருவாரா. கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் வேறு ஆள் பாருங்கள். பி1 நடத்துபவர் குறைந்தது பி2-வாவது, முடிந்தால் சி1 முடித்திருக்க வேண்டும்.

திருத்தி வந்த தாளைப் பத்திரப்படுத்துங்கள். ஒரு நோட்டில் இடப்பக்கம் உங்கள் வாக்கியம், வலப்பக்கம் திருத்தியது. மாதம் முடியும்போது புரட்டினால் நாலைந்து தப்பே திரும்பத் திரும்ப வருவது தெரியும். பெரும்பாலும் வினையின் இடம், பால், முன்னிடைச்சொல். அடுத்த மாத அட்டைகளை அவற்றுக்காகவே போடுங்கள். சாட்ஜிபிடி போன்றவற்றையும் இந்த வேலைக்குப் பயன்படுத்தலாம், ஒரு நிபந்தனையோடு: முதலில் நீங்களே எழுதுங்கள், பிறகு 'ஏ2 நிலைக்குள்ளேயே தப்பை மட்டும் காட்டு, ஏன் தப்பு என்று தமிழில் சொல்' என்று கேளுங்கள். திருத்து என்று மட்டும் சொன்னால் முழுவதையும் அழகாக மாற்றி எழுதிவிடும். அது உங்கள் ஜெர்மன் அல்ல, தேர்வறையில் உதவாது.

மருத்துவமனை ஜெர்மனை இப்போதே தொடங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஏ2 முடியட்டும். அதற்கு முன் படித்தால் உடலுறுப்பு, கருவி என்று பெயர்கள் சேருமே தவிர வாக்கியம் வராது. பிறகு 'மென்ஷென் இம் பெரூஃப் – ப்ஃப்ளேகெ' என்ற நர்சிங் ஜெர்மன் நூல் வரிசையில் உங்கள் நிலைக்கு உரியதை எடுங்கள். ஷிப்ட் ஒப்படைப்பு, நோயாளியிடம் வலி விசாரிப்பு எல்லாம் உங்களுக்குப் பழகிய வேலைதான், சூழல் தெரியும் என்பதால் வேகமாக வரும். பி1-இல் வேலை முடிந்துவிடாது என்பதையும் மனதில் வையுங்கள். அங்கே முழுத் தகுதியுள்ள நர்ஸாக அங்கீகாரம் பெறப் பொதுவாக பி2 கேட்பார்கள். எந்தச் சான்றிதழ் செல்லும் என்பது நீங்கள் போகும் மாநிலத்தைப் பொறுத்தது, ஆகவே பி2-க்குப் பணம் கட்டும் முன் வேலை தருபவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏஜென்சி வழியாகப் போவதானால் ஜெர்மன் அரசின் 'ஃபேயர் அன்வெர்புங் ப்ஃப்ளேகெ டாய்ச்லண்ட்' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அது உள்ளவர்கள் வேலை வாங்கித் தருவதற்கு உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவன அறிவிப்புகளையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

தேர்வின் அமைப்பை ஏழாம் மாதத்திலாவது தெரிந்துகொள்ளுங்கள். கோத்தே பி1-இல் நான்கு பகுதி: வாசித்தல் 65 நிமிடம், கேட்டல் 40, எழுதுதல் 60, பேசுதல் இருவராகச் சேர்ந்து 15. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 வேண்டும். கேட்டலில் முதல் பகுதியும் நான்காம் பகுதியும் இரண்டு முறை ஒலிக்கும், நடுவில் உள்ள இரண்டும் ஒரே முறைதான். வீட்டில் எல்லாவற்றையும் மூன்று முறை கேட்டே பழகியவர்கள் அந்த நடுப்பகுதிகளில் மதிப்பெண் விடுவார்கள். அதனால் கடைசி ஆறு வாரம், வாரம் இரண்டு நாளாவது, ஒரே தடவை கேட்டு விடை எழுதுங்கள். எழுதுதலில் 80, 80, 40 சொல் அளவில் மூன்று கேள்வி. கைக்கடிகாரம் வைத்து எழுதிப் பழகாவிட்டால் மூன்றாவது விட்டுப்போகும்.

மாதிரித் தாள்கள் கோத்தே தளத்திலேயே இலவசம், ஆனால் கொஞ்சம்தான் இருக்கின்றன. ஆர்வத்தில் இப்போதே எல்லாவற்றையும் செய்து தீர்க்காதீர்கள். ஒன்றை எட்டாம் மாதம், எந்தப் பகுதி பலவீனம் என்று பார்க்க. இன்னொன்றை முத்திரை பிரிக்காமல் வைத்திருந்து தேர்வுக்குப் பத்து நாள் முன்பு, நேரம் வைத்து, நடுவில் எழுந்திருக்காமல்.

தேர்வு மையம் என்றால் எல்லோரும் சென்னை நுங்கம்பாக்கத்தைத்தான் சொல்கிறார்கள். உங்களுக்குத் திருவனந்தபுரம் கோத்தே மையம் பக்கம், நாகர்கோவில் வழியாக ரயிலில் போய்விடலாம். கேரள நர்ஸுகள் நிறையப் பேர் எழுதுவதால் அங்கே இடம் சட்டென்று நிரம்பும். பதிவு திறக்கும் தேதியை மூன்று மாதம் முன்னாலேயே தளத்தில் பார்த்து, டியூட்டி ரோஸ்டரில் அந்த நாளுக்கு லீவு சொல்லி வையுங்கள். ஒரு பகுதியில் மட்டும் 60 வராவிட்டால் அந்தப் பகுதியை மட்டும் திரும்ப எழுதிக்கொள்ளலாம், மற்ற மூன்றும் அப்படியே நிற்கும்.